சேலை கட்டிய கேரக்டர் வேண்டுமா? கிட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு செயலிக்கோ, பாடப்புத்தகத்துக்கோ, சுகாதாரத் துண்டறிக்கைக்கோ மனிதப் படங்கள் தேவைப்பட்டால் இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரையச் சொல்பவர்கள் குறைவு. தலை, உடம்பு, கை, கால், உடை என்று பிரித்து வைத்த ஒரு தொகுப்பை எடுத்து, வேண்டியபடி மாற்றிப் பொருத்திக்கொள்கிறார்கள். கேரக்டர் கிட் என்பது அதன் பெயர். வேலை சட்டென்று முடியும், படங்கள் எல்லாம் ஒரே கையில் வரைந்தது மாதிரி இருக்கும், அடுத்த வருடம் புதுக் காட்சி வந்தாலும் பழைய கிட்டே போதும்.

அந்தப் படத்தில் இருப்பவர்கள் திண்டுக்கல்லிலோ திருவள்ளூரிலோ பார்க்கிற ஆட்களாகத் தெரிய வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைக்கு முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். வெளிநாட்டு இலவச கிட்டை எடுத்து நிறம் மாற்றுவது ஒன்று. எல்லா உறுப்பும் கழன்று மாட்டும்படி ஒரு கிட்டை நாமே உருவாக்குவது இரண்டு. ஓவியரை வைத்துக் காட்சி காட்சியாக வரைவது மூன்று. ஏஐயிடம் கேட்டு வாங்குவது நான்கு. உடையையும் உடம்பின் நிலையையும் ஒன்றாகப் பூட்டிவிட்டு, தலை, தோல், துணியின் நிறம், கையில் இருக்கும் பொருள் இவற்றை மட்டும் மாற்றவிடும் பாதிக் கிட் ஐந்து. இந்த வேலையிலேயே காலம் தள்ளுகிற எனக்கு ஐந்தாவதுதான் சரியென்று படுகிறது. முக்கியக் காரணம் சேலை. ஆனால் எல்லா வேலைக்கும் அதுவே சரி என்று சொல்லமாட்டேன்.

நிறம் மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா?

இலவச கிட்டுகளில் பெயர் பெற்றவை பாப்லோ ஸ்டான்லி என்ற வடிவமைப்பாளர் வெளியிட்டவை: அவட்டார்ஸ், 2018இல் வந்த ஹ்யூமான்ஸ், 2020இல் வந்த ஓபன் பீப்ஸ். ஓபன் பீப்ஸ் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கிறது. வெட்டலாம், ஒட்டலாம், விற்கும் பொருளில் போடலாம், பெயர்கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. கோடுகளும் உயிரோட்டமாக இருக்கும். பட்ஜெட் இல்லாத குழு இதைத் தேடிப் போவதில் தப்பே இல்லை.

ஆனால் அவட்டார்ஸைத் திறந்து உடைப் பட்டியலைப் பாருங்கள். தோல் நிறம் ஏழு இருக்கிறது. தலைக்கு ஹிஜாபும் டர்பனும் இருக்கின்றன. உடை ஒன்பது: ஹூடி, பிளேசர், ஸ்வெட்டர், ஓவரால், விதவிதமான கழுத்து வைத்த டி-ஷர்ட்டுகள். குர்தா இல்லை, துப்பட்டா இல்லை, சேலை இல்லை. கோவையில் ஒரு ஐடி ஊழியரை மார்பு வரை ஒப்பேற்றிவிடலாம். பேருந்து நிலைய வாசலில் பூக்கட்டும் அக்காவை இதிலிருந்து எடுக்க முடியாது.

தோலைப் பழுப்பாக்கி நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் இந்தியர் வந்துவிடுவார் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருவது கொஞ்ச நாள் வெயிலில் நின்ற வெளிநாட்டவர்தான். உடம்பின் நிலை காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கிட்டுகளில் ஆட்கள் சோபாவில் சாய்கிறார்கள், காபிக் கோப்பையோடு நிற்கிறார்கள். நம் ஆட்கள் சம்மணம் போடுகிறார்கள், குத்தவைத்து உட்காருகிறார்கள், குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள், பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்காருகிறார்கள். உடை அச்சு அசலாக இருந்தாலும் நிற்கிற விதம் தப்பென்றால் படம் ஒட்டாது. அதேபோல், நிற்கிற விதம் சரியாக இருந்தால் எளிய சட்டை பேண்ட்டிலேயே ஆள் நம்மூர் ஆளாகிவிடுவார்.

எனவே வட்டத்துக்குள் முகம் மட்டும் தெரியும் புரொஃபைல் படம், அலுவலகத்துக்குள் சுற்றும் ஸ்லைடு போன்றவற்றுக்கு இந்த முதல் வழி போதும். பொதுமக்கள் முன் போகும் எதற்கும் வேண்டாம்.

சேலை ஏன் கிட்டுக்குள் அடங்குவதில்லை

கிட்டின் அடிப்படைக் கணக்கு மேலுடை, கீழுடை என்ற பிரிவில் நிற்கிறது. பன்னிரண்டு தலை, எட்டு மேலுடை, ஆறு கீழுடை வரைந்தால் 576 ஆட்கள் கிடைப்பார்கள். இருபத்தாறு துண்டுகளுக்கு இவ்வளவு பேர் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

சேலை இந்தக் கணக்கை உடைத்துவிடுகிறது. ஆறு கஜத் துணி ஒன்றே இடுப்பைச் சுற்றி, முன்னால் கொசுவமாகி, மார்பின் குறுக்கே ஏறி, இடது தோளைத் தாண்டிப் பின்னால் விழுகிறது. அது மேலுடையும்தான், கீழுடையும்தான். வெக்டர் கோப்பில், அதாவது வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் கோப்பில், இதைப் பின்னாலிருந்து முன்னால் அடுக்கிப் பாருங்கள். முதுகுப்பக்கம் தொங்கும் முந்தானை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டும். அதன்மேல் உடம்பு, அதன்மேல் ரவிக்கை, பிறகு சேலையின் சுற்று, பிறகு கொசுவம், அதற்கு மேல் மார்பைக் கடக்கும் முந்தானை. கழுத்தை ஒட்டிய சங்கிலி வெளியே தெரியும். நீளமான தாலிச்சரடு முந்தானைக்கு உள்ளே போய்விடும். வலது கை எல்லாவற்றுக்கும் மேலே. இடது கை? முந்தானையை மடித்துப் பின் குத்தியிருந்தால் கை வெளியே இருக்கும். ஒற்றையாக விட்டிருந்தால் துணி கையின் மேலேயே விழுந்து முழங்கை வரை மூடும். டி-ஷர்ட் போட்ட ஆளின் கையைக் கழற்றி வேறு கை மாட்டலாம். ஒற்றை முந்தானை விட்ட பெண்ணின் இடது கையை உயர்த்தினால் துணி மடிப்பு மொத்தமும் மாறும். அந்தப் பகுதியைப் புதிதாகத்தான் வரைய வேண்டும்.

இன்னொரு பொறி, படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் புரட்டுவது. கேரக்டர் இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் எல்லா டிசைனரும் செய்வது ஒரே சொடுக்கில் கிடைமட்டமாகப் புரட்டுவதுதான். சட்டை பேண்ட் ஆளிடம் அது யார் கண்ணிலும் படாது. சேலை கட்டிய பெண்ணைப் புரட்டினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். வலது தோளில் முந்தானை வருகிற கட்டுகளும் உண்டு. ஆனால் குஜராத்திக் கட்டில் துணி பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வந்து விழும். புரட்டிய படத்தில் முன்னாலிருந்து பின்னால் போகும். நம் ஊர்ப் பெண் ஒருத்தி அதைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்பாள், என்னவென்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகலாம். சேலையை விடுங்கள், வலது கையால் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் புரட்டியதும் இடது கையால் நீட்டுவார். சாப்பிடுகிறவர் இடது கையால் பிசைவார். மூக்குத்தி பக்கம் மாறும்.

துணியின் கோலமும் தொல்லை தரும். வெக்டர் மென்பொருளில் கட்டம் போட்ட பேட்டர்னை எடுத்துச் சேலைக்குள் நிரப்பினால், அது கொசுவத்தின் மடிப்போடு வளையாது. காகிதம் ஒட்டியது போல் தட்டையாக நிற்கும். காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டமும் மதுரைச் சுங்குடியின் புள்ளியும் இந்த வழியில் வரவே வராது. உண்மையில் உருவம் இருநூறு பிக்சல் உயரம்தான் என்றால் பேட்டர்னைத் தொடவே வேண்டாம். கரை போதும். காஞ்சிப் பட்டுக்கு உடலும் கரையும் எதிரெதிர் நிறத்தில் அகலமாக வரட்டும்: அரக்குக்கு மாம்பழ மஞ்சள், மயில்கழுத்துக்குக் கத்தரிப்பூ. கண்டாங்கிக்கு அகலக் கரையோடு கொசுவத்தில் மட்டும் நாலு கோடு இழுத்தால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்றாட நூல் சேலைக்கும் சிந்தெடிக்குக்கும் மெல்லிய கரை.

இமோஜிகளுக்குத் தரம் வகுக்கும் யூனிகோடுக்கே இந்தச் சிக்கல் இருந்திருக்கும்போல. 2019இல் இமோஜி பட்டியலில் சேலை வந்தது. ஆனால் சேலை கட்டிய பெண் வரவில்லை. உள்ளே ஆள் இல்லாத சேலை மட்டும், ஜீன்ஸுக்கும் காலணிக்கும் பக்கத்தில் ஒரு துணிமணியாக.

எல்லாம் கழலும் கிட்டை நாமே செய்தால்?

முதல் வழியின் குறை உள்ளடக்கத்தில்தானே, சட்டகத்தில் இல்லையே, நம் உடைகளைப் போட்டு அதே மாதிரி ஒன்று செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். சுடிதார், குர்தி-லெகிங்ஸ், சட்டை-பேண்ட், பள்ளிச் சீருடை வரை இது அருமையாக ஓடும். குர்தியும் லெகிங்ஸும் அடையாள அட்டையும் போட்ட பெண், இன்-பண்ணிய சட்டையோடு ஆண் என்று சென்னை அலுவலகம் ஒன்றை முழுசாகவே இதில் நிரப்பிவிடலாம். துப்பட்டாவை மட்டும் தனி லேயராக (அடுக்காக), மூன்று நான்கு விதமாக வைத்துக்கொள்ள வேண்டும்: இரு தோளிலும் பின் குத்தியது, ஒரு தோளில் போட்டது, ஸ்கூட்டர் ஓட்டும்போது முகத்தைச் சுற்றியது.

வேட்டியில் வந்து மாட்டும். முழுக்க விட்ட வேட்டி நேரான குழாய், வரைவது சுலபம். மடித்துக் கட்டினால் முழங்காலும் கெண்டைக்காலும் வெளியே வரும், இடுப்பில் துணி தடிக்கும், சட்டையின் கீழ்விளிம்பு அதற்கு மேல் விழும் விதம் மாறும். நடந்தால் ஒரு மாதிரி, திண்ணையில் உட்கார்ந்தால் வேறு மாதிரி. பஞ்சகச்சம் என்றால் கால்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். எட்டு முழ வேட்டியின் வடிவத்தில் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து அதைக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு நிலைக்கும் புதுத் துண்டு வரைய ஆரம்பித்தால் கிட்டின் சிக்கனமே போய்விடுகிறது. சேமிக்கத் தொடங்கிய வேலை, தனித்தனியாக வரைவதைவிட அதிகமாகும். அனிமேஷனும் வேண்டும் என்றால் இரட்டிப்பு.

பயனர்கள் தாங்களே அவதார் செய்துகொள்ளும் செயலியா? அப்போது மட்டும் இந்த இரண்டாவது வழியைக் கட்டாயம் யோசியுங்கள். அங்கே ஒருவர் தன் மூக்கையும் மீசையையும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், எண்ணிக்கை முக்கியம். இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினால் பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும்: கொசுவமும் கால்களும் ஃபிரேமுக்கு வெளியே, முந்தானையைப் பின் குத்தி ஒரு கோணத்தில் பூட்டிவிடலாம்.

ஓவியர், ஏஐ

ஓவியரின் கையில் வருவதற்கு ஈடு இல்லை. 2015இல் மறைந்த கோபுலு, ஆனந்த விகடனில் ஒரு தாத்தாவை உட்காரவைத்தால் துண்டு எந்தத் தோளில் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதிலேயே அந்த ஆளின் குணம் தெரிந்துவிடும். அப்படி ஒரு கண்ணை எந்தக் கிட்டுக்குள்ளும் அடைக்க முடியாது. பாடப்புத்தகம், சிறுவர் கதை, அருங்காட்சியகப் பலகை என்று பல ஆண்டுகள் நிலைக்கப்போகிற வேலைக்கு மூன்றாவது வழியே சரி. ஆனால் வாரம் பத்துப் படம் கேட்கும் செயலிக்கு இது கட்டுப்படியாகாது. ஓவியர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பதினோராவது படம் வேறு கையில் வரும், அது தெரியும்.

ஏஐக்கு வருவோம். 2023இல் ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் என்ற இதழ், படம் உருவாக்கும் ஏஐயான மிட்ஜர்னியிடம் ‘ஓர் இந்தியர்’ என்று மட்டும் சொல்லி நூறு படம் வாங்கிப் பார்த்தது. ஏறக்குறைய எல்லாமே தலைப்பாகை கட்டிய, தாடி வைத்த வயதான ஆண்கள். மாதிரிகள் அதற்குப் பிறகு நிறையத் தேறிவிட்டன என்பது உண்மைதான். இன்றைக்கும் ‘தமிழ்ப் பெண்’ என்று சுருக்கமாகக் கேட்டால் கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தது மாதிரிதான் ஒருத்தி வந்து நிற்கிறாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளை வரவழைக்க வரிவரியாக விவரிக்க வேண்டியிருக்கிறது. கிட்டுக்கு உதவாததற்கு அதைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. வருவது லேயர் பிரிக்காத ஒரே படம். அதே பெண்ணை அடுத்த காட்சியில் அதே முகத்தோடு கொண்டுவருவது போராட்டம். முந்தானையைக் கூர்ந்து பாருங்கள், தோளில் ஏறிய துணி முதுகில் எங்கோ காணாமல் போயிருக்கும். கொசுவம் இடுப்பில் செருகாமலே தொடங்கியிருக்கும். ஓவியருக்கு ஒரு காட்சியின் அமைப்பை விளக்க, நிறச் சேர்க்கையைச் சோதிக்க இது நல்ல துணை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாதிக் கிட்

இதன் விதி எளியது. உடை மாறினால் ஆளும் மாறுவார். முன்னால் கொசுவமும் இடது தோளில் முந்தானையும் வரும் வழக்கமான நிவிக் கட்டோடு நிற்கும் பெண் ஓர் உருவம், அதே கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் இன்னோர் உருவம். இரண்டிலும் கழுத்துக்குக் கீழே எந்தத் துண்டும் கழலாது, ஓவியர் முழுசாக வரைந்தது. தலைகள் மட்டும் எல்லா உருவத்திலும் ஒரே கழுத்துப் புள்ளியில் பொருந்தும். துணி, கரை, ரவிக்கை மூன்றுக்கும் மூன்று நிறப் பெயர்கள் வைத்துவிட்டால் ஒரு சொடுக்கில் மாறும். ரவிக்கையைத் தனி நிறமாக வைப்பது முக்கியம். எல்லாப் பெண்களும் எப்போதும் மேட்சிங் ரவிக்கை போடுவதில்லை. கையில் இருக்கும் பொருள் மட்டும் கழலும்: போன், கூடை, கோப்பு, தண்ணீர்க் குடம்.

முதல் சுற்றுக்குப் பதினெட்டு உருவம் வரைந்தால் போதும். பதினான்கு தலை, ஆறு தோல் நிறம் வைத்தால் 1,512 சேர்க்கை. பாட்டி தலையைச் சிறுமி உடம்பில் வைக்க மாட்டோம் என்பதால் பாதிக்கு மேல் கழித்துவிடலாம். மிச்சமே தேவைக்கு மேல். துணி நிறங்களை இதில் சேர்க்கவே இல்லை.

அந்தப் பதினெட்டில் யார் யார் என்பதுதான் கிட்டின் உயிர். எல்லோரும் முதலில் பட்டுச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் எழுதுவார்கள். எழுதட்டும், ஒவ்வொன்று போதும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பிளையின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றியிருப்பாள். சித்தாளும் அப்படியே, தலையில் சும்மாடு கூடுதல். தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் தெரியும் இந்த உருவத்தை நான் பார்த்த எந்த ரெடிமேட் ‘இந்திய’ தொகுப்பிலும் கண்டதில்லை. நைட்டிக்கு மேல் துண்டு போட்டுத் தெருக்குழாய்க்கு வரும் பெண்ணும் அப்படித்தான். அவள் இல்லாமல் எங்கள் தெருவில் காலை விடியாது. கைலியும் பனியனுமாக ஒருவர், காக்கிச் சட்டையில் ஆட்டோ ஓட்டுநர், புர்காவில் ஒரு கல்லூரி மாணவி, ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிய பள்ளிச் சிறுமி, சேலைக்கு மேல் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் போட்ட வக்கீல், சக்கர நாற்காலியில் வேட்டி கட்டிய பெரியவர், திருநங்கை ஒருவர். உடம்பும் விதவிதமாக வேண்டும். சட்டைப் பித்தானை இழுத்துப் பிடிக்கும் தொப்பை, சேலைக்கும் ரவிக்கைக்கும் நடுவே தெரியும் இடுப்பு மடிப்பு, வளைந்த முதுகு. காலுக்கு ரப்பர் செருப்பு, சில காட்சிகளில் வெறுங்கால். வீட்டுக்குள் ஷூ போட்ட இந்தியரை வரையாமல் இருந்தாலே பாதி நம்பகத்தன்மை வந்துவிடும்.

தோல் நிறத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2015இல் இமோஜிக்கு வந்த ஐந்து நிறங்கள் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலைத் தழுவியவை. அந்த அளவுகோல் 1975இல் தோல் மருத்துவர் ஒருவர் வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, கறுக்கிறது என்பதை வைத்து உருவாக்கியது. படம் வரைவதற்கு இல்லை. 2022இல் கூகுள் வெளியிட்ட மாங்க் அளவுகோலில் பத்து நிறங்கள், அடர்நிறப் பக்கத்துக்கு அதிக இடம். தமிழ்நாட்டுக்கான கிட் என்றால் நான் ஆறு எடுத்து, அதில் நான்கை நடுவிலிருந்து அடர்நிறம் நோக்கி வைப்பேன். நிழலுக்குச் சாம்பலோ கறுப்போ சேர்க்காதீர்கள், முகம் நோயாளி மாதிரி ஆகிவிடும். செம்பழுப்புப் பக்கம் போங்கள். உள்ளங்கையும் பாதத்தின் அடியும் ஒரு படி வெளுப்பு. கறுப்புக் கோட்டில் வரைந்த மூக்கும் வாயும் கருத்த முகத்தில் காணாமல் போகும், ஆகவே கோட்டின் நிறமும் தோலோடு சேர்ந்து மாறும்படி அமைக்க வேண்டும். முடி நெற்றியைத் தொடும் இடத்தில் மெல்லிய வெளிச்ச விளிம்பு விட்டால் இரண்டும் கலக்காது. பின்னணியோடு குறைந்தது 3:1 ஒளி வேறுபாடு இருக்கட்டும் என்கிறது இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1, பொருளைப் புரிந்துகொள்ளத் தேவையான படங்களுக்கு அது சொல்லும் அளவு.

எந்த நிறம் யாருக்கு என்பதில்தான் கிட்டின் மனம் தெரியும். டாக்டர் சிவப்பு, வீட்டு வேலைக்கு வருபவர் கறுப்பு என்று முன்னிருப்பாக வைத்துவிட்டு, ‘மாற்றிக்கொள்ளலாமே’ என்று சொல்வது தப்பித்தல். பெரும்பாலானவர்கள் மாற்ற மாட்டார்கள். கிட்டைத் திறந்ததும் முதலில் வரும் உருவத்துக்கு நடுவிலிருந்து அடர்ந்த நிறமே இருக்கட்டும். கருத்த தோல் உள்ளவர்களைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விளம்பரங்களுக்கே அத்துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2014இல் வழிகாட்டு விதி போட்டுவிட்டது.

எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம்?

இந்தியா முழுமைக்கும் ஒரே கிட் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முன்பே ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார். மைசூர் மன்னருக்காக ரவிவர்மா 1889 வாக்கில் வரைந்த இசைக் கலைஞர்கள் ஓவியத்தில் பதினொரு பெண்கள், ஆளுக்கொரு பிரதேசத்தின் உடையில். உடை எல்லாம் வேறு வேறு, முகங்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒரே வீட்டு அக்கா தங்கைகள். நாடு முழுவதற்கும் என்று செய்யும் கிட்டில் இன்றும் அதுவே நடக்கிறது. ஒரு முகத்தை வரைந்து அதற்கு மேல் கூர்க், வங்காளம், மராட்டியம் என்று உடைகளை மாட்டுகிறார்கள். கூர்க் கட்டில் கொசுவம் பின்னால் வரும், முந்தானை இடது அக்குளுக்கு அடியில் வந்து வலது தோளில் பின் குத்தப்படும். அதை நிவியில் சின்னத் திருத்தமாக நினைத்தால் வராது. எனக்கு நம்பிக்கை உள்ள வழி, ஒரு மாநிலத்தை ஒழுங்காகச் செய்துவிட்டு அந்தச் சட்டகத்தை அடுத்த மாநிலத்தின் ஓவியரிடம் கொடுப்பது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய முன்னோடி ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கு ஆல்பம் வரைந்து விற்றார்கள். பக்கத்துக்கு ஒரு சாதி, கணவனும் மனைவியும், கையில் தொழிற்கருவி. உடம்பு ஏறக்குறைய ஒரே அச்சு, துணியும் கருவியும் நெற்றிக்குறியும் மட்டும் மாறும். வடிவமைப்பாகப் பார்த்தால் அருமையான பாதிக் கிட்! 1868 தொடங்கி 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ புகைப்படங்களில் அதே புத்தி அரசாங்கப் பதிவேடாக மாறியது. உடையையும் தொழிலையும் சேர்த்துப் பூட்டினால் நம் கையில் வந்து நிற்பதும் அப்படி ஒரு ஆல்பம்தான். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். இந்த மண்ணில் ரவிக்கைகூடச் சாதாரணத் துணி இல்லை.

அதனால் நான் வைக்கும் வரம்புகள் இவை. திருநீறு, நாமம், குங்குமம், சிலுவை, தொப்பி, தாலி, மெட்டி எல்லாம் கிட்டில் இருக்கட்டும், தனி லேயரில், முன்னிருப்பாக அணைத்து. வேண்டியவர் காட்சிக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளட்டும். ஆளே இல்லாமல் போகும் அளவுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடுவதும் சரியில்லை. பத்துப் பேர் நிற்கும் காட்சியில் இரண்டு பேர் நெற்றியில் விபூதி, ஒருவர் தலையில் தொப்பி, ஒருத்தி கழுத்தில் சிலுவை என்றால் அது நம் பேருந்து. மடிசாரைத் ‘தமிழ்ப் பாரம்பரிய உடை’ என்ற பெயரில் கிட்டில் போடாதீர்கள். அது பிராமணப் பெண்களின் கட்டு. அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். பாரம்பரியம் வேண்டுமென்றால் பின்கொசுவத்தை எடுங்கள், வயதானவர்கள் பல ஊர்களில் கட்டியது.

வரைந்ததை அலுவலகத்துக்குள்ளேயே காட்டி ஒப்புதல் வாங்குவதில் பிரயோஜனமில்லை. சேலை தினமும் கட்டுகிறவரிடம் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இவங்க யாரு, எங்க போறாங்க’ என்று கேளுங்கள். ‘கல்யாணத்துக்கு’ என்று பதில் வந்தால் ரேஷன் கடைக் காட்சிக்கு அந்த உருவம் ஆகாது.

கடைசியாக ஒப்பந்தம். தனி ஓவியரிடம் உரிமையை எழுதி வாங்கும்போது காலமும் பரப்பும் குறிப்பிட வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆறாவது ஆண்டில் செயலியின் பாதிப் படங்கள் யாருடையவை என்ற கேள்வி வரும். கிட் என்பதே பிறர் மாற்றுவதற்காகச் செய்வது. தன் படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியருக்கு உண்டு. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். முந்தானையைப் புரட்டக்கூடாது என்பதையும் அதில் சேர்க்கலாம், அவரே சந்தோஷப்படுவார். லேயர் பிரித்த மூலக்கோப்பும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிஎன்ஜி மட்டும் கையில் வந்தால் நீங்கள் வாங்கியது கிட் இல்லை, பதினெட்டுப் படம்.